எடுத்துடுங்க

மாஸ்டர் என்று தெருவே கூப்பிட்டாலும், எதில் மாஸ்டர் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஷேர் மார்க்கெட் படிக்கிறவர்களுக்கு ஆப்ஷன் மாஸ்டர். இதற்கு முன்னால் அவர் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் கட்டிக்கொண்ட மனைவிக்கே நடுவில் ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

கல்யாணத்தின்போது போட்டோ ஸ்டூடியோவில் இருந்தார். இருட்டறையில் படம் கழுவுவார், பாஸ்போர்ட் படங்களை ஓரம் நறுக்கிச் சின்னக் கவரில் போடுவார். கேமரா செல்போனுக்குள் புகுந்த பிறகு ஸ்டூடியோ படுத்துவிட்டது. அப்புறம் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் விற்றார். வீடு வீடாகப் போய், அந்த வீட்டார் குடிக்கிற தண்ணீரையே ஒரு கிளாஸில் பிடித்து, உள்ளே இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுப்பார். தண்ணீர் பழுப்பாகிச் சேறு மாதிரி மிதக்கும். வீட்டுக்காரம்மா பதறிப்போய் அன்றைக்கே மெஷினுக்குச் சொல்லிவிடுவாள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்து வரவில்லை, கம்பியில் இருந்துதான் வருகிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பு கூசுகிறது.

அதன் பிறகு இன்சூரன்ஸ். பிறகு மனை புரோக்கர். இடம் ரோட்டை ஒட்டி இருக்கிறது என்பார், எந்த ரோடு, அது போட்ட ரோடா போடப்போகிற ரோடா என்பதைச் சொல்ல மாட்டார். பொய் என்று யாரும் அவரைப் பிடித்ததில்லை. அதற்குப் பின்னால்தான் டிரைவிங் ஸ்கூல். அங்கே மட்டும் அவர் நல்ல பெயர் எடுத்தார். கத்த மாட்டார், அலட்டிக்கொள்ள மாட்டார். சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிற வண்டி என்பதால், எதிரே லாரி வந்தாலும் அவர் முகம் மாறாது. மாஸ்டர் என்ற பட்டம் அங்கே ஒட்டிக்கொண்டது.

டிரைவிங் ஸ்கூல்காரர் கடையைக் கட்டியதும் மாஸ்டர் ஷேர் மார்க்கெட்டில் குதித்தார். முதல் வருஷமே கையில் இருந்தது கரைந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் ஒதுங்கியிருப்பார். மாஸ்டர் அந்த நஷ்டத்திலும் ஒன்றைக் கண்டுபிடித்தார்: இதில் பணம் போடுகிறவனைவிடச் சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. மாடியில் ஒரு போர்டு, இரண்டு கம்ப்யூட்டர் திரை, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. பிறகு அவர் தன் பணம் ஒரு காசுகூட அதில் போடவில்லை. இது அவளுக்குத் தெரியும். படிக்க வந்தவர்களுக்குத் தெரியாது.

அவள் லாண்டரிக் கடையில் வேலை பார்த்தாள். கவுண்டரில் நின்று துணி வாங்கி, கறை பார்த்து, காலரில் எண் கட்டி உள்ளே அனுப்புகிற வேலை. கெமிக்கல் வாசனையும் நீராவியும் மூக்கில் ஏறி, வீட்டுக்கு வந்தால் சோற்றில்கூட அந்த வாசனைதான் அடிக்கும். வீட்டு வாடகை அவள் சம்பளத்தில் போனது. மாடி வகுப்பு நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு, லாண்டரி முதலாளியே அவளிடம் இரண்டு சட்டைக்கு நடுவில் மெதுவாகக் கேட்டார்: "மாஸ்டர் இந்த வாரம் என்னம்மா சொல்றாரு?" அவளுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷமாகப் புருஷன் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக நிமிர்ந்து பதில் சொன்னாள்.

அந்தப் பெருமையில்தான் தன் அண்ணனையும் மாடிக்கு அனுப்பிவைத்தாள்.

அண்ணன் டயர்க் கடை வைத்திருந்தார். பெரிய ரோட்டில் ஒரே ஒரு அறை, வாசலில் கம்ப்ரஸர், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி, மாட்டி வைத்த ட்யூப்கள். நகத்தைச் சுற்றி இருக்கிற கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது. விரல் ரேகை தேய்ந்துபோனதால் செல்போன் அவர் விரலை அடையாளம் காணாது. வாடகைக்கு இருந்த அந்த அறையைச் சொந்தக்காரர் விற்கப்போவதாகச் சொல்லி, "நீங்க பல வருஷமா இருக்கீங்க, உங்களுக்குத்தான் முதல்ல கேக்குறேன்" என்று கொஞ்சம் அவகாசம் கொடுத்திருந்தார். அண்ணன் சேர்த்து வைத்திருந்தது போதவில்லை, குறைந்தது. குறைகிறதைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அவரை மாடிக்கு அழைத்துப்போனது அவள்தான்.

முதல் நாள் வகுப்பில் அவர் கடைசி நாற்காலியில், கறுத்த கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி கேன்டீன் நடத்துகிற அம்மாவும், ரிடையரான ஒரு குமாஸ்தாவும், இன்னும் சிலரும் இருந்தார்கள். அவள் டீ கொண்டுபோனாள்.

"விலை ஏறும்னு நினைச்சா கால் வாங்கணும். இறங்கும்னு நினைச்சா புட் வாங்கணும். அவ்வளவுதான் விஷயம்" என்றார் மாஸ்டர்.

"எனக்குத்தான் ரெண்டு கால் இருக்கே மாப்பிள்ளை" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார்.

"இது கூப்பிடுற கால் மச்சான்."

"யாரு கூப்பிடுவா?"

"யாரும் கூப்பிட மாட்டாங்க, பேரு அப்படி. ஒரு வீடு வாங்குறதுக்கு டோக்கன் குடுக்குறோம்ல? வீட்டு விலை ஏறிடுச்சுன்னா அந்த டோக்கனையே இன்னொருத்தனுக்கு நல்ல விலைக்குக் கைமாத்தி விட்ரலாம். அந்த டோக்கன்தான் கால்."

"ஏறலைன்னா?"

"டோக்கன் போச்சு. அதுக்கு மேல ஒரு பைசா உங்க கையை விட்டுப் போகாது."

"டோக்கன் முழுசாவா போகும்?"

"வாரக் கடைசிக்குள்ள ஏறலைன்னா முழுசா போகும். ஏன் மச்சான், போறதைப் பத்தியே கேக்குறீங்க? வர்றதைப் பத்திக் கேளுங்க."

அண்ணன் தலையாட்டினார். முதல் சில வாரம் கொஞ்சம் வந்தது. வந்ததும் ஒரு பொட்டலம் பன் வாங்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்து, "உன் புருஷன் கெட்டிக்காரன் பாப்பா" என்றார். நாற்பதைத் தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

மாஸ்டருக்கு ஒரு பேச்சுப் பழக்கம். எதையும் எடு என்ற சொல்லை வைத்தே முடித்துவிடுவார். ஸ்டூடியோவில் படம் எடுத்ததில் தொடங்கி, இன்சூரன்ஸில் பாலிசி எடுக்க வைத்து, இப்போது வகுப்பு எடுக்கிறது வரைக்கும் அவர் பிழைப்பே அந்தச் சொல்லில்தான் ஓடியது என்று அவள் கேலி பண்ணுவாள். அவளுக்கு மட்டும் குறைவா என்ன? கடைக்கு வருகிறவர்களிடம் கறையை எடுத்துடலாம் என்பாள், அவர்கள் சாயந்திரம் துணி எடுக்க வருவார்கள். புதுசு வாங்கப் போகிறவனும் துணி எடுக்கத்தான் போகிறான். அண்ணன் கடையில் டயரை எடுத்துடு என்றால் கழற்று என்று அர்த்தம். ஒரே சொல்தான், இடத்துக்கு இடம் கொடுக்கவும் செய்யும் பறிக்கவும் செய்யும். பேசும்போது இது யாருக்கும் உறைக்காது.

அன்றைக்குக் காலையில் மழை. மாஸ்டர் ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டே செல்போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து எல்லோருக்கும் ஒரே குரல் பதிவாக அனுப்பினார்: "எல்லாருக்கும் வணக்கம். கால் எல்லாத்தையும் இன்னைக்கு எடுத்துடுங்க. யோசிக்காதீங்க." அனுப்பிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "இன்னைக்குப் பாரு, பிச்சுக்கிட்டு ஏறும்." அவள் அதைக் கேட்டுக்கொண்டே குடையைத் தேடி எடுத்துக் கடைக்குப் போனாள்.

மழை என்றால் லாண்டரியில் நரகம். காய வேண்டியது காயாது, வாங்க வருகிறவன் மட்டும் நேரத்துக்கு வந்து நிற்பான். ஒரு ஆள் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் திட்டு விழுந்துவிட்டது என்று கவுண்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். அப்போது அண்ணனிடமிருந்து போன்.

"பாப்பா, மாப்பிள்ளை எடுக்க மாட்டேங்கிறாரு. வகுப்புல இருக்காரு போல. கால் எல்லாத்தையும் எடுத்துடுங்கன்னு சொல்லியிருக்காரு. டாக்டர் வந்து காலை எடுத்துடுங்கன்னா எனக்குப் புரியும். இது புரியலை. என்கிட்ட முந்தாநாள் வாங்குன கால் கொஞ்சம் இருக்கு. அதைக் குடுத்துட்டு வெளிய வரச் சொல்றாரா, இல்ல இன்னும் வாங்கச் சொல்றாரா?"

"அண்ணே, இங்க ஆளு நிக்கிறாங்க."

"ஒரு வார்த்தை சொல்லு. வாங்கவா, விக்கவா?"

சட்டைக்காரன் மறுபடி கவுண்டரைத் தட்டினான். எனக்குத் தெரியாது அண்ணே, அவர்கிட்டயே கேளுங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாஸ்டர் மனைவிக்கு மாஸ்டர் சொன்னது தெரியாதா என்ற ஒரு சின்ன கர்வம். அதுதான், வேறொன்றும் இல்லை.

"வாங்கத்தான் சொல்றாரு அண்ணே. இன்னைக்கு ஏறும்னாரு. இருக்கிறதைப் போடுங்க" என்றாள்.

"இருக்கிறது மொத்தமுமா?"

"யோசிக்காதீங்கன்னுதானே சொல்லியிருக்காரு?"

போனை வைத்துவிட்டு, "சார், கறையை எடுத்துடலாம் சார், பொறுமையா இருங்க" என்று சட்டைக்காரனிடம் திரும்பினாள்.

மத்தியானத்துக்கு மேல் சந்தை சரிந்தது. அவளுக்கு அதன் கணக்கு வழக்கு தெரியாது, ஆனால் லாண்டரி முதலாளி செல்போனைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது. மறுநாளும் சரிந்தது. வாரக் கடைசியில் அண்ணனுடைய டோக்கன் முழுசாகப் போய்விட்டது. அறை வாங்கச் சேர்த்தது, இடையில் வந்த லாபம், எல்லாம்.

வீட்டில் மாஸ்டர் நிதானமாகச் சாப்பிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் எடுத்துடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

"எடுத்துடுங்கன்னா?" என்றாள் அவள்.

"எடுத்துடுங்கன்னா வெளிய எடுத்துடுங்கன்னுதான். வேற என்ன? கேட்டவன் பொழைச்சான். கேக்காதவன் கதறுறான்."

"பிச்சுக்கிட்டு ஏறும்னு சொன்னீங்களே."

"யாருக்கிட்ட?"

"எங்கிட்டத்தான். ரொட்டி தின்னுக்கிட்டு."

அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். நடிக்கிற பார்வை இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு மூன்று பேரிடம் போனில் சொல்லிச் சொல்லி, அவருக்கே அது நம்பிக்கை ஆகிவிட்டது. "ஏறுறதுக்கு முன்னால இறங்கும், அதைச் சொல்லியிருப்பேன்" என்று கையைக் கழுவப் போனார். அண்ணன் தனக்குப் போன் பண்ணிக் கேட்டதை அவள் சொல்லவில்லை. சொன்னால், "நீ எதுக்கு அர்த்தம் சொன்னே?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோரும் கூடினார்கள். பாதிப் பேர் அன்றைக்கு விற்று வெளியே வந்தவர்கள், பாதிப் பேர் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள். குரல் பதிவை ஆளாளுக்குப் போட்டுக் காட்டினார்கள். எடுத்துடுங்க, எடுத்துடுங்க என்று மாஸ்டர் குரல் நாலாபக்கமும் கேட்டது. அவள் டீத் தட்டை வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

"வாங்குங்கன்னு நினைச்சுட்டோம் மாஸ்டர்" என்றார் குமாஸ்தா. அவர் குரலில் கோபம் இருந்தது. "எங்க மேல என்ன தப்பு?"

"வாங்குங்கன்னா வாங்குங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்லையா சார்? ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கலாம்ல? எனக்குப் போன் பண்ணலாம்ல? மச்சானே இருக்காரு, அவர்கிட்டயே கேளுங்க. சொந்த மச்சான். அவருக்குக் கெடுதலா சொல்வேனா? மச்சான், நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?"

எல்லோரும் கடைசி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் எழுப்பி விட்டது மாதிரி நின்றார். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை கதவுப் பக்கம், அவள் முகத்தைப் பார்த்தார்.

இப்போது சொல்லிவிடுவார் என்று அவள் நினைத்தாள். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தாள். சொல்லக்கூடாது என்றும் அதே நேரத்தில் நினைத்தாள்.

"மாப்பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார் அண்ணன். "எங்க தொழில்ல எடுத்துடுன்னா கழட்டிடுன்னுதான். எனக்கு அது தெரியணும். நான்தான் புத்தி கெட்டுப்போய் வாங்கிட்டேன். யாரையும் கேக்கலை."

"யாரையும் கேக்கலையா?" என்றார் கேன்டீன் அம்மா.

"கேக்கலைம்மா."

அவ்வளவுதான். சொந்த மச்சானே அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன பேசுவது? குமாஸ்தா வாயை மூடிக்கொண்டார். ஒருவர் அண்ணன் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார். கேன்டீன் அம்மா, மாஸ்டர் சொன்னதைச் சரியாகக் கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று தெளிவாகி, அடுத்த மாத வகுப்புக்கும் சேர்ந்துகொண்டாள். தட்டோடு நின்றவள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அண்ணன் கிளாஸை வாங்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த அறையில் ஒரு சொல் சொல்ல வேண்டியவள் அவள்தான். சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

வெட்கம் என்பது ஒரு நாளில் வந்து போகிற சமாசாரம் என்று அவள் நினைத்திருந்தாள். அது தினமும் வந்தது. லாண்டரியில் எவனாவது துணி எடுக்கணும் என்றால் அவள் கை நின்றுவிடும். பெரிய ரோட்டில் அண்ணனுக்குப் புதுப் பெயர் கிடைத்துவிட்டது. எடுத்துடு அண்ணன். பஞ்சர் பார்க்க வருகிற ஆட்டோக்காரன், "அண்ணே, டயரை எடுத்துடுங்கன்னு சொல்றேன், புதுசா வாங்கி வச்சுடாதீங்க" என்பான். அண்ணனும் சேர்ந்து சிரித்துக்கொண்டே நட்டைக் கழற்றுவார். அவள் அதை ஒரு நாள் காதால் கேட்டாள். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள்.

ஆட்டோ போன பிறகு தூக்குப் பாத்திரத்தைப் பலகையில் வைத்தாள். அவர் தொட்டியில் கையை அலசினார், கறுப்பு அப்படியே இருந்தது.

"ஏன் அண்ணே சொல்லலை?"

"என்னத்தைச் சொல்ல?"

"எங்கிட்ட கேட்டதை."

"கேட்டேன்னு சொன்னா?" என்று மூடியைத் திறந்தார். "நீ வாங்கச் சொன்னேன்னு ஆகும். அவரு வெளிய எடுக்கச் சொன்னேங்கிறாரு. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்னு ஆகும். ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறவ நீ. ராத்திரி அந்த வீட்டுக்குத்தான் போகணும்."

"அதுக்காக ஊரே உங்களைச் சிரிக்கணுமா?"

"டயர்க்கடைக்காரன் முட்டாள்னா யாருக்கு என்ன நஷ்டம்? காத்து அடிக்கிறதுக்குப் படிப்பா கேக்குறாங்க?" ஒரு வாய் சாப்பிட்டார். "உப்பு கம்மி பாப்பா."

"எனக்கு ஒரு வாய் இறங்கலை அண்ணே."

"இறங்கும். இறங்காம எங்க போகும்? அறையை வேற ஒருத்தருக்குப் பேசிட்டாங்க. செருப்புக் கடை வரப்போகுதாம். நான் ஒரு வண்டியில கம்ப்ரஸரை வச்சுக்கிட்டு ரோட்டோரம் நின்னுக்குவேன். உங்க அண்ணிதான் பேச மாட்டேங்கிறா. அது போகப் போகச் சரியாகும்."

சரியாகவில்லை. அண்ணி லாண்டரிக்கே வந்தாள், கம்பளி வெளுக்கப் போட. எண் கட்டுகிற வரைக்கும் சும்மா நின்றுவிட்டு, "உங்கண்ணனுக்கு வாங்குறதுக்கும் எடுக்குறதுக்கும் வித்தியாசம் தெரியலை" என்றாள். "பொண்டாட்டியைக் கேட்டிருக்கலாம். தங்கச்சிகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் இந்த ஆள் பேச்சையா நம்பிக் குடும்பம் நடத்தினேன்னு இருக்கு." அவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். கம்பளியில் எண்ணைத் தலைகீழாகக் கட்டியிருப்பதை அண்ணி போன பிறகுதான் பார்த்தாள். பணம் போனதற்குக்கூட ஆறுதல் இருக்கலாம். அந்த மனுஷனுடைய மரியாதையை அவர் வீட்டுக்குள்ளேயே இவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடையைக் காலி பண்ணுகிற நாளும் மழை நாளாகவே அமைந்தது. தூறல்தான், ஆனால் விடாத தூறல். ஒரு சின்ன லோடு வண்டி வாசலில் நின்றது. மாஸ்டரும் உதவிக்கு வந்திருந்தார். வராவிட்டால் நன்றாக இருக்காது என்று அவரே கிளம்பி வந்தார். காலையில் வழக்கம்போல எல்லோருக்கும் ஒரு குரல் பதிவு அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றிப் போனோடு ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு டயர்களை உருட்டிக்கொண்டிருந்தார். வேலை செய்ய அஞ்சுகிறவர் இல்லை. அண்ணி ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துச் சாக்கில் போட்டாள். அண்ணனிடம் எதையும் நேராகக் கேட்கவில்லை. "அந்த ஜாக்கி வருதா, போகுதான்னு கேளு" என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

"ஜாக்கி வரும்" என்று அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது அவள் போன் அடித்தது. கேன்டீன் அம்மா.

"தங்கச்சி, மாஸ்டருக்கு அடிச்சா எடுக்கலை. கால் எல்லாத்தையும் எடுத்துடுங்கன்னு இன்னைக்கு அனுப்பியிருக்காரு. போன தடவை உங்கண்ணன் யாரையும் கேக்காம கெட்டுப்போனாரு. அதான் நான் கேட்டுக்கிடலாம்னு. வாங்கணுமா, வெளிய எடுக்கணுமா?"

பின்னால் கேன்டீனில் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. யாரோ டீ கேட்டார்கள். எதிரே மாஸ்டர் ஒரு லாரி டயரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இருங்கக்கா" என்றாள். போனைக் காதிலிருந்து நகர்த்தி, "ஏங்க" என்று கூப்பிட்டாள். "கேன்டீன் அக்கா கேக்குறாங்க. வாங்கணுமா, வெளிய எடுக்கணுமா?"

"அதான் அனுப்பியிருக்கேனே. எடுத்துடச் சொல்லு."

"எடுத்துடுறதுன்னா என்ன? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

மாஸ்டர் நின்றார். "அவங்ககிட்ட என்ன இருக்குன்னு கேட்டுட்டுச் சொல்லணும்."

"என்ன இருந்தா என்ன? காலையில அனுப்பும்போது நீங்க மனசுல எதை நினைச்சீங்க? வாங்குறதையா, விக்கிறதையா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதிரே லாரி வந்தாலும் மாறாத முகம் அது. அந்த முகத்தில் இப்போது ஒன்றுமே இல்லை, வெறும் காலியாக இருந்தது. அவர் ஒளிக்கவில்லை, அவரிடம் பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்கிற மாதிரிப் பேசிப் பேசி, எந்தப் பக்கம் போக நினைத்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

அவள் போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"அக்கா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

"என்ன தங்கச்சி சொல்றே?"

"அன்னைக்கும் தெரியாது அக்கா. எங்கண்ணன் கேக்காம இல்லை. நீங்க இப்பக் கேட்ட இதே கேள்வியை எங்கிட்டத்தான் கேட்டாரு. கடையில நிக்கும்போது போன் பண்ணிக் கேட்டாரு. நான்தான் பெரிய இவளாட்டம் வாங்குங்க, இருக்கிறதைப் போடுங்கன்னு சொன்னேன். மாடியில அவரு என்னைக் காட்டிக்குடுக்கலை. நான் டீத் தட்டை வச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன்."

"பாப்பா, போதும்" என்றார் அண்ணன்.

"போதாது அண்ணே." மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, உங்க பணம் எதுல இருந்தாலும் முதல்ல உங்க கைக்கு வந்து சேர்ற வழியைப் பாருங்க. விவரம் தெரிஞ்ச ஆளை வச்சுக்கிட்டுச் செய்யுங்க. எங்க வீட்டுல கேக்காதீங்க. அவரு தன் பணத்தை இதுல போடுறதில்லை அக்கா. அதையும் சேர்த்துக் கேட்டுக்கோங்க."

போனை வைத்தாள். ஸ்பேனர் துடைக்கிற சத்தம் நின்றுவிட்டது. அண்ணி எழுந்து வந்தாள். நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் வாங்கிக்கொண்டாள். அதற்கு அவள் பாத்திரம்தான். அண்ணி நேராகப் புருஷனிடம் போனாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லி?"

"சொல்லியிருந்தா உங்களோட பேசியிருப்பேன்."

அண்ணன் கைத்துணியால் முகத்தைத் துடைத்தார். முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது. அண்ணி தன் புடவைத் தலைப்பைக் கொடுத்தாள். பிறகு இரண்டு பேருமாகக் குனிந்து கம்ப்ரஸரின் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

மாஸ்டர் இன்னும் அதே இடத்தில் டயரை அணைத்துக்கொண்டு தூறலில் நின்றார். பனியனில் வட்டமாகக் கறுப்பு அப்பியிருந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. "மச்சான், இந்த டயரை எடுத்து..." என்று ஆரம்பித்தார். அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். மேலே ஓடவில்லை.

"வண்டியில ஏத்துங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன். குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இந்த வண்டியில. பின்பக்கம். மேல."

அவள் வண்டிமேல் ஏறி நின்று இரண்டு கையையும் நீட்டினாள். அவர் முகத்தைத் தூக்காமல் டயரை உயர்த்திக் கொடுத்தார். கனமாக இருந்தது. வாங்கி வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.